ஓட்டை அட்டையிலிருந்து வைஃபை வரை

நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இப்போது சர்வசாதாரணமான காட்சி இது. மாணவர் ஒருவர் கைப்பேசியில் ஒரு பொத்தானைத் தொடுகிறார். மேசைமேல் இருக்கும் தீப்பெட்டி அளவுப் பலகையில் 'டிக்' என்று ரிலே விழுகிறது, விளக்கு எரிகிறது. நடுவில் ஒயர் கிடையாது. "சார், லேட்டஸ்ட் டெக்னாலஜி!" என்கிறார்கள். லேட்டஸ்ட்தான், மறுக்கவில்லை. ஆனால் இதன் அடிப்படையைப் புரிந்துகொள்ள வெகுதூரம் போகவேண்டாம். நம் ஊர்ப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றால் போதும்.

எப்படி என்கிறீர்களா? ஒரு சேதியை இயந்திரம் புரிந்துகொள்ள மூன்று விஷயங்கள் வேண்டும்: அனுப்புகிறவர், இருவருக்கும் பொதுவான ஒரு குறியீடு, அதன்படி நடக்கும் ஒரு கருவி. பட்டுத்தறியின் தலைக்கு மேலே இருக்கிறதே ஜக்கார்டு பெட்டி, அதில் இந்த மூன்றும் உண்டு. அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும். கொக்கி மேலே எழும். பாவு இழை தூக்கப்படும். ஓட்டை இல்லையென்றால் இழை கிடந்தபடி கிடக்கும். ஓட்டை 1, ஓட்டை இல்லாதது 0. முந்தானையில் மயிலும் அன்னமும் வருவது இந்தக் கணக்கால்தான்.

பிரான்சில் 1725-இல் பசீல் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளைத் தறியில் பயன்படுத்தினார். 1804-இல் ஜக்கார்டு அதை முழுமையான சாதனமாக்கினார். அது நம் ஊருக்கு வந்து சேரும் முன்பே 'அடை' என்ற முறை இங்கே இருந்தது. டிசைனை நூல் முடிச்சுகளாகவே கட்டி வைத்துக்கொண்டு, வரிசைப்படி இழுத்து நெய்தார்கள். நூலில் எழுதிய புரோகிராம் என்று அதைச் சொன்னால் மிகையாகாது.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். காஞ்சிபுரத்தின் பெருமையான கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள நெசவாளர் பக்கத்தில் ஓர் உதவியாள் வேண்டும். (அந்த இடத்தில் சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்த காலமும் உண்டு. அது ஒழிய வேண்டிய வழக்கம்தான்.) அந்தப் பக்கத்து நாடா வந்து சேர்ந்தது தெரியாமல் நெசவாளர் அடுத்த மிதியை மிதிக்கமாட்டார். மிதித்தால் கோர்வை கெட்டுப்போகும். கட்டளை கொடுத்தால் மட்டும் போதாது, 'ஆச்சு' என்ற பதில் வரவேண்டும். நம் துறையின் வரலாறு முழுக்க இந்தப் 'ஆச்சு'வைத் தேடிய கதைதான்.

காற்றின் வழியே கட்டளை அனுப்பியதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ், சுவர்களை ஊடுருவிச் செல்லும் மின்காந்த அலையால் தூரத்தில் ஒரு மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் பற்றவைத்துக் காட்டினார். 1898-இல் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா ஒரு சிறு படகை ரேடியோவால் ஓட்டினார். ஆனால் மணியும் படகும் அலைவழியே பதில் சொல்லவில்லை. கண்ணெதிரே இருந்ததால் அதற்குத் தேவையும் இல்லை.

கண்ணுக்கெட்டாத தூரம் என்றால்? 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளுக்கிடையே ரேடியோவில் கம்ப்யூட்டர் சேதி அனுப்பினார்கள். இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் சேதிகள் மோதிச் சிதைந்துவிடும். அதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது: பதில் வரவில்லையா, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப அனுப்பு. 1997-இல் முதல் தரநிர்ணயம் பெற்ற வைஃபையிலும் அந்த யோசனையின் சாயல் உண்டு.

1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க ஆண்டி ஸ்டான்ஃபோர்டு கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர் எம்.க்யூ.டி.டி. என்ற முறையை உருவாக்கினார்கள். 2014-இல் ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இ.எஸ்.பி. 8266 சிப் பரவலாகக் கைக்கு வந்தது. சில நூறு ரூபாயில் வைஃபையும் கம்ப்யூட்டரும் ஒரே வில்லையில்! என் போன்றோர் படிப்பை முடித்த காலத்து அதிசயம் அது. 2016-இல் அதன் தம்பி இ.எஸ்.பி. 32 வந்தது.

இங்கேதான் மாணவ நண்பர்கள் கவனிக்கவேண்டும். எம்.க்யூ.டி.டி.யில் நடுவில் ஒரு சர்வர் உண்டு. 'சேதி கிடைத்தது' என்று அது பதில் சொன்னால், தபாலாபீஸ் வாங்கிக்கொண்டது என்றுதான் பொருள். வீட்டுக்காரர் கையில் சேர்ந்தது என்று பொருளல்ல. அந்த நாள் பதிவுத் தபாலில் ஓர் ஒப்புகை அட்டை இணைத்து அனுப்புவார்களே, பெற்றவர் கையெழுத்தோடு திரும்பி வருமே, அது தனி. நம் கருவியும் வேலையை முடித்தபின் தன் நிலையைத் தனிச் சேதியாகத் திருப்பி அனுப்பவேண்டும். 'என் தொடர்பு அறுந்தால் இதைச் சொல்லிவிடு' என்று கருவி முன்கூட்டியே சர்வரிடம் ஓர் உயில் எழுதிவைக்கவும் அந்த முறையில் வசதி இருக்கிறது. பல புராஜெக்டுகளில் இதைத் தொடுவதே இல்லை.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. மும்முனை மின்சாரம் முறைவைத்து வந்த காலத்தில், நடுராத்திரியில் டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்து, பாம்புக்குப் பயந்து மோட்டார் போடப்போன விவசாயிகளைக் கேட்டுப்பாருங்கள். கைப்பேசியால் பம்ப்செட்டை இயக்கும் கருவி அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் கிணற்றடியில் கரண்ட் போயிருக்கும். ஆப்பில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். தண்ணீர் பாய்வதாக நம்பி அவர் தூங்கிவிடுவார், பயிர் காயும். கிணறு வற்றிய பிறகும் மோட்டார் ஓடினால் காயில் கருகும். நாம் அமுக்கியதைக் காட்டும் ஆப் பொய் சொல்கிறது. கருவி சொன்னதைக் காட்டும் ஆப்தான் உண்மை சொல்கிறது. மோட்டாருக்குப் போகும் கரண்டை அளந்து, 'ஓடுகிறது' என்று கருவியே சொல்லட்டும்.

இன்று நம் ஊர்த் தறிகள் சிலவற்றில் அட்டை போய், எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்திருக்கிறது. டிசைன் கம்ப்யூட்டரிலிருந்து பென் டிரைவில் வருகிறது. கோர்வைக்கு உடன் உட்கார ஆள் கிடைப்பதோ அரிதாகிக்கொண்டே போகிறது. அந்த உதவியாளின் இடத்தை எந்தக் கருவியாவது நிரப்ப வேண்டுமென்றால், அது நாடாவைத் தள்ளினால் மட்டும் போதாது. 'ஆச்சு' என்று சொல்லவும் தெரிந்திருக்கவேண்டும். அதைச் செய்துகாட்டும் பொறுப்பை நம் கல்லூரி மாணவர்கள் ஏற்கட்டும். செலவுக்கும் யோசனைக்கும் முன்னாள் மாணவர்கள் நாங்கள் இருக்கிறோம்.