ஒடியனும் பூச்சாண்டியும்: பாலக்காட்டு எல்லைப்பகுதியின் அச்ச உருவங்கள்

அடங்காத குழந்தையை இல்லாத ஒன்றைக் காட்டி அச்சுறுத்தும் வழக்கம் தமிழில் பழமையானது. பெரியாழ்வார் திருமொழியின் இரண்டாம் பத்து, கண்ணன் அப்பூச்சி காட்டி விளையாடும் பகுதியோடு தொடங்குகிறது. பூச்சாண்டி என்பதைப் ‘பூச்சு’, ‘ஆண்டி’ எனப் பிரித்து நீறு பூசிய துறவி எனப் பொருள் கொள்வாருளர். அப்பூச்சியோடும், ‘பூச்சி காட்டுதல்’ என்னும் வழக்கோடும் உறவுபடுத்துதலே பொருத்தமுடையது. எவ்வாறாயினும் பூச்சாண்டிக்கு ஊரில்லை, குலமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் தேவிகுளம், பீர்மேடு மலைத்தோட்டங்களுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தொழிலாளர் தம்முடன் கொண்டு சென்றதும் இவ்வுருவத்தையே எனலாம். மலையாளத்துக் கோக்காச்சியும் இவ்வகையினதே.

பாலக்காட்டு ஒடியன் இவற்றினின்றும் வேறுபட்டவன். அவனுக்கு ஊருண்டு, குடிசையுண்டு, குலமுண்டு. இரவில் காளையாகவும் எருமையாகவும் பூனையாகவும் உருமாறி வழிப்போக்கரைக் கொல்பவன் என்பது அவனைப் பற்றிய நம்பிக்கை. மாறிய உருவில் வாலோ காலோ ஓர் உறுப்புக் குறைந்திருக்குமாம். அக்குறையே அவனைக் காட்டிக்கொடுக்கும் என்பர். பாலக்காட்டில் பிறந்த இனவரைவியலாளர் எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர் கொச்சி நாட்டுக் குலங்கள் பற்றி 1909-இல் வெளியிட்ட நூலின் முதல் தொகுதியில் ஒடிவித்தையை விரிவாகப் பதிவு செய்துள்ளார். கருவிலுள்ள சிசுவினின்று எடுத்த ‘பிள்ளைத்தைல’த்தைக் காதில் தடவி உருமாறுவர் என்னும் செய்தி அங்கு உள்ளது. அவ்வித்தை பறையர்க்கு உரியதாக அந்நூலில் கூறப்படுகிறது. கருவுற்ற பெண்கள் உள்ள வீடுகளில் ஒடியன் அச்சம் மிகுந்திருந்தமைக்குக் காரணம் இதுவே. இவையனைத்தும் பிறர் கூறிய செய்திகள் என்பது மறக்கத்தக்கதன்று.

வித்தையினும் வழியே இங்கு ஆராயத்தக்கது. பகலில் பொதுவழியில் நடக்கும் உரிமை எல்லார்க்கும் இருந்ததில்லை. தமிழ்ப் பிராமணர் வாழும் கல்பாத்தித் தெருக்களில் ஈழவர் நடப்பது பற்றிய கிளர்ச்சி 1924-இல் எழுந்தது. ஈழவர் நிலையே அதுவாயின், அவரினும் தாழ்த்தப்பட்டிருந்த பறையர் நிலையை விளக்க வேண்டுவதில்லை. பகலில் தொலைவில் ஒதுங்கி நின்றவர் இரவில் அதே வழியின் தலைவராகி, உயர்ந்தோரை வீட்டினுள் அடைக்கின்றனர். ஒடியன் கதைகளின் அமைப்பு இதுவே. ஒடுக்கியவரின் குற்றவுணர்வே அச்சமாக உருக்கொண்டது எனக் கூறுதல் மிகையாகலாம். எனினும் அவ்வச்சம் ஒடுக்கப்பட்டோர்க்கு ஓரளவு காவலாகவும் இருந்திருக்கக்கூடும். அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது: பல கதைகளில் ஒடியன் பிடிபட்டு அடியுண்டு சாகிறான், கொன்றவன் வீரனாகப் போற்றப்படுகிறான்.

‘ஒடியன் வருவான்’ என்று கேட்டு வளர்ந்த குழந்தை, எழுத்தறியுமுன்னரே யாரைக் கண்டு அஞ்சவேண்டும் என்பதை அறிந்தது. பூச்சாண்டியிடம் இக்கல்வி இல்லை.

மின்விளக்கு வந்தபின் ஒடியன் மறைந்தான் என்பது பொதுவாகக் கூறப்படும் கருத்து. 2018 டிசம்பரில் மோகன்லால் நடித்த மலையாளத் திரைப்படமொன்று அவனையே தலைவனாக்கிற்று. அதே ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த சென்னை மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என ஐயுற்ற கூட்டத்தினர் அவரை அடித்துக் கொன்றனர்.