மோட்டார் ஹோம் டயர் மாத்தப் போறீங்களா? சைஸ் மட்டும் பார்த்தா போதாது... கவனிக்க வேண்டியவை என்னென்ன?

அமெரிக்காவில் கோடை விடுமுறை வந்தாலே நெடுஞ்சாலைகளில் மோட்டார் ஹோம்கள் வரிசை கட்டும். படுக்கை, சமையல் மேடை, ஃப்ரிட்ஜ், குளியலறை என ஒரு வீட்டையே தூக்கிக்கொண்டு ஓடும் வண்டி இது. இதில் 'கிளாஸ் ஏ' எனப்படும் பெரிய ரகம் பார்ப்பதற்கு நம்ம ஊர் ஆம்னி பஸ் மாதிரியே இருக்கும். 10 டன்னைத் தாண்டும் வண்டிகளும் உண்டு.

அந்த எடை முழுவதையும் பெரும்பாலும் ஆறு டயர்கள்தான் தாங்குகின்றன. முன்னாடி இரண்டு, பின்னாடி ஜோடி ஜோடியாக நான்கு. ஓடும்போது முன் டயர் வெடித்தால் வண்டியைக் கட்டுக்குள் வைத்திருப்பது ரொம்பவே கஷ்டம். உள்ளே இருப்பது சரக்கு அல்ல, குடும்பம்.

அப்படியென்றால் பழைய டயரைக் கழற்றிவிட்டு அதே சைஸில் புதுசு போட்டால் போதுமா? போதாது என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

1.73 லட்சம் டயர்கள்: என்ன நடந்தது?

குட்இயர் நிறுவனத்தின் 'ஜி159' என்ற டயர், 275/70ஆர்22.5 என்ற அளவில் 1996 முதல் 2003 வரை தயாரானது. நகரத்துக்குள் சரக்கு கொண்டு போகும் வண்டிகளுக்காக உருவாக்கப்பட்ட டயர் அது. ஆனால் பல மோட்டார் ஹோம்களிலும் பொருத்தப்பட்டது. சைஸ் பொருந்தியது. செய்யும் வேலை பொருந்தியதா என்பதில்தான் பிரச்னை.

டெலிவரி வண்டி நின்று நின்று போகும். மோட்டார் ஹோம், முழு எடையோடு மணிக்கணக்கில் ஹைவே வேகத்தில் ஓடும். அந்தச் சூட்டை இந்த டயர் தாங்காது என்பது பாதிக்கப்பட்டவர்கள் தொடர்ந்த வழக்குகளில் வைக்கப்பட்ட வாதம்.

1998 முதல் 2009 வரையிலான புகார்களில் 8 பேர் உயிரிழந்ததாகவும், 69 பேர் காயமடைந்ததாகவும் கூறப்பட்டது. நீதிமன்ற உத்தரவுகளாலும் ரகசிய சமரசங்களாலும் பல விவரங்கள் வெளியே வராமலே இருந்தன. அமெரிக்க தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2017 டிசம்பரில்தான் விசாரணையைத் தொடங்கியது. 2022-ல் சுமார் 1.73 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற குட்இயர் ஒப்புக்கொண்டது. டயரில் குறைபாடு இல்லை என்பதே அப்போதும் அந்நிறுவனத்தின் நிலைப்பாடு.

கடைசி டயர் தயாராகி 19 வருஷம் கழித்து ரீகால். ஆகவே, 'பிரச்னை இருந்தா யாராவது சொல்லியிருப்பாங்க' என்று இருந்துவிட முடியாது. டயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பதை நாமே படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

டயர் மேல் உள்ள எண்கள் சொல்வது என்ன?

அளவு: 275/70ஆர்22.5 என்றால், டயரின் அகலம் 275 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம். 'ஆர்' என்பது ரேடியல். 22.5 அங்குலம் என்பது ரிம்மின் விட்டம்.

எடைக் குறியீடு: 148/145 என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். 148 என்றால் தனி டயராக 3,150 கிலோ தாங்கும். 145 என்றால் ஜோடியாகப் போடும்போது ஒவ்வொன்றும் 2,900 கிலோ தாங்கும். ஜோடியில் தாங்கும் திறன் குறைவு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

வேகக் குறியீடு: எடைக் குறியீட்டுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து. 'ஜே' என்றால் மணிக்கு 100 கி.மீ., 'கே' என்றால் 110, 'எல்' என்றால் 120, 'எம்' என்றால் 130. அமெரிக்காவின் சில மாநிலங்களில் வேக வரம்பே மணிக்கு 75 மைலைத் தாண்டும். அதாவது 120 கி.மீ.க்கு மேல். சாலையில் அனுமதி இருக்கிறது என்பதற்காக டயரும் அந்த வேகத்தைத் தாங்கும் என்று அர்த்தமில்லை.

தயாரிப்புத் தேதி: 'டி.ஓ.டி.' என்ற எழுத்துகளுடன் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 3219 என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 32-வது வாரத்தில் தயாரானது. மூன்று எண்கள்தான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முந்தைய டயர். யோசிக்கவே வேண்டாம், கழற்றிவிடுங்கள். முழுக் குறியீடு டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். வெளியே தெரியவில்லை என்றால் உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

'பட்டன் புதுசா இருக்கே, எதுக்கு மாத்தணும்?'

மோட்டார் ஹோம் வைத்திருப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். லாரி டயர் ஓடி ஓடித் தேயும். மோட்டார் ஹோம் டயர் நின்று நின்று கெடும். வருஷத்தில் பல மாதம் வண்டி ஒரே இடத்தில் நிற்பதால் பட்டன் தேயாது. ஆனால் வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் ரப்பரை இறுகச் செய்து வெடிப்பு விழ வைக்கும்.

ரப்பரைக் காப்பாற்ற டயருக்குள் சில வேதிப்பொருட்களைக் கலந்திருப்பார்கள். டயர் உருண்டு, வளைந்து நிமிரும்போதுதான் அவை மேற்பரப்புக்கு வரும். வண்டி நின்றே கிடந்தால் அந்தப் பாதுகாப்பும் குறைந்துவிடும்.

ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை டயரை நிபுணரிடம் காட்ட வேண்டும், பட்டன் இருந்தாலும் பத்து வருஷத்தில் மாற்றியே ஆக வேண்டும் என்கிறது மிஷலின் நிறுவனம். பத்து என்பது கடைசி எல்லை. பக்கச்சுவரில் ஆழமான வெடிப்பு, புடைப்பு, கம்பி தெரிவது என எது இருந்தாலும் வயதைப் பார்க்காமல் மாற்ற வேண்டியதுதான்.

டயர் வாங்கும் முன் எடை போடுவது ஏன்?

ஷோரூமில் இருந்த எடை வேறு, பயணத்துக்குக் கிளம்பும்போது இருக்கும் எடை வேறு. 100 கேலன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினாலே சுமார் 378 கிலோ கூடிவிடும். அதற்கு மேல் டீசல், கேஸ், துணிமணி, பாத்திரம், ஆட்கள்.

அதனால் ஊருக்குப் போகும்போது எப்படி இருக்குமோ அப்படியே வண்டியை நிரப்பி எடை போடுங்கள். அமெரிக்காவில் லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்புகளில் ஒவ்வோர் அச்சின் எடையையும் தனித்தனியாகப் பார்க்கும் எடை மேடைகள் இருக்கின்றன. முடிந்தால் இடது, வலது பக்கங்களையும் தனித்தனியாகப் போட வேண்டும். ஃப்ரிட்ஜும் சமையல் மேடையும் ஒரே பக்கம் இருந்தால், அந்தப் பக்க டயர் மட்டும் அதிகம் சுமக்கும். மொத்த எடை சரியாக இருந்தாலும் ஒரு டயர் வரம்பைத் தாண்டியிருக்கலாம்.

எடை தெரிந்த பிறகு, அதைவிடக் கூடுதலாகவே தாங்கும் டயரைத் தேர்ந்தெடுங்கள். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் குறிப்பிட்ட திறனுக்குக் குறைவான டயரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் போடக் கூடாது.

காத்து எவ்வளவு அடிக்கணும்?

டயர் கம்பெனி தரும் அட்டவணையில், இவ்வளவு எடைக்கு இவ்வளவு காற்று என்று இருக்கும். ஒரே அச்சில் உள்ள எல்லா டயருக்கும் ஒரே அளவு காற்று இருக்க வேண்டும். அந்த அச்சில் எந்தப் பக்கம் எடை அதிகமோ, அதை வைத்துக் கணக்கிட வேண்டும். எடை போடாதவர்கள் வண்டி ஸ்டிக்கரில் உள்ள அளவையே பின்பற்றலாம். ரிம்முக்கும் ஒரு வரம்பு உண்டு, அதைத் தாண்டக் கூடாது.

காற்றை டயர் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். காலையில் கிளம்பும் முன் பார்ப்பது நல்லது. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுவது இயல்பு. 'ஜாஸ்தியா இருக்கே' என்று அப்போது காற்றை இறக்கிவிட்டால், ஆறிய பிறகு குறைந்துபோயிருக்கும். காற்று குறைந்தால் பக்கச்சுவர் அதிகமாக வளையும், சூடு ஏறும், டயர் பிரியும்.

ஜோடி டயரில் என்ன கவனிக்கணும்?

பின்னாடி உள்ள ஜோடியில் ஒன்றில் காற்று இறங்கினால் வெளியே தெரியாது. பக்கத்து டயர் இரண்டு பேர் பாரத்தையும் சுமந்துகொண்டு ஓடும். அப்படி ஓடிய டயரையும் சேர்த்தே கழற்றிப் பரிசோதிக்க வேண்டும்.

ஜோடியில் ஒன்று புதுசு, ஒன்று தேய்ந்தது என்று போட்டால் பெரியது அதிக எடை தாங்கும், சின்னது உரசித் தேயும். அதனால் ஒரே அளவு, ஒரே தேய்மானம் உள்ளதாகப் போட வேண்டும். உள் டயருக்குக் காற்று பார்க்க சிரமமாக இருந்தால், அழுத்தத்தைக் காட்டும் சென்சார் கருவி பொருத்துவது நல்லது.

முன் அச்சுக்கு ரீட்ரெட் டயர் வேண்டாம். அமெரிக்காவில் பஸ்களின் முன் சக்கரத்துக்கு அதைப் போட விதிகளே அனுமதிப்பதில்லை.

நம்ம ஊர் வண்டிக்கும் இது பொருந்துமா?

சினிமா கேரவன், டூரிஸ்ட் வேன், ஆம்னி பஸ் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். எடை, வேகக் குறியீடுகளும் நான்கு எண் தேதியும் இங்கே விற்கும் டயர்களிலும் இருக்கும். கூடவே ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடையில் பணம் கொடுக்கும் முன்...

* எல்லா டயரின் தயாரிப்புத் தேதியையும் நீங்களே படித்துப் பாருங்கள். 'புது டயர்' என்று சொல்லி, இரண்டு மூன்று வருஷம் குடோனில் கிடந்ததைத் தரலாம்.
* எடை, வேகக் குறியீடுகள் பழைய டயருக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.
* அந்த மாடல் நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடுவதற்கானதா என்று கேளுங்கள்.
* வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.
* ரீகால் பட்டியலில் டயரைத் தனியாகத் தேடுங்கள். வண்டி எண்ணைப் போட்டால் டயர் விவரம் வராது.
* மாற்றிய பிறகு 80 முதல் 160 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

எல்லாம் பார்த்தும் நடுவழியில் டயர் வெடித்துவிட்டால்? சட்டென்று பிரேக் மிதிக்காதீர்கள். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து வண்டியை நேராக வைத்திருங்கள். வேகம் தானாகக் குறைந்த பிறகு மெதுவாக ஓரம் கட்டுங்கள்.