செய்முறை ஆவணம்

செய்முறை ஆவணம் (பெயர்ச்சொல்): ஒரு வேலை எங்கே தொடங்கி, எவர் கையில் எந்த வரிசையில் நகர்ந்து, எங்கே முடிகிறது என்பதைத் தரமேம்பாட்டுக்காகப் படிப்படியாக எழுதிவைக்கும் பதிவு. 'செய்' என்னும் வினையடியும், ஒழுங்கு, நீதி, உறவு முதலிய பொருள்களைத் தரும் 'முறை'யும் இணைந்து 'செய்முறை' ஆயிற்று. சங்க நூல்களில் கடைத்தெருவையும் குறித்த 'ஆவணம்', பின்னர் உரிமைப் பத்திரம், எழுத்துப் பதிவு என்னும் பொருள்களில் நிலைத்தது. படிகளைக் குறியீடுகளால் வரைந்துகாட்டும் வழக்கத்தை ஃபிராங்க் கில்பிரெத், லிலியன் கில்பிரெத் இணையர் 1921இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் முன்வைத்தனர்.

இடுக்கி மாவட்டச் சக்குபள்ளம் போன்ற ஏலமலை ஊர்களில் ஏலக்காய் பறித்தல், கழுவுதல், 'ஸ்டோர்' எனப்படும் உலர்த்தும் கூடத்தில் வெப்பமூட்டிக் காயவைத்தல், காம்பு நீங்கத் தேய்த்தல், சல்லடையிட்டுத் தரம் பிரித்தல், புற்றடியிலோ போடிநாயக்கனூரிலோ நடைபெறும் ஏலத்துக்கு அனுப்புதல் என்னும் வரிசை இவ்வாறு ஆவணப்படுத்தத் தகுந்த வேலைக்கு எடுத்துக்காட்டாகும். ஒவ்வொரு படிக்கும் உரிய பொறுப்பாளர், வெப்பநிலை, நேரம் ஆகியவை பதியப்பட்டால், காயின் பச்சை நிறம் மங்கியதற்கான பிழை எந்தப் படியில் நேர்ந்தது என்பதைத் தேடிக் கண்டறிய இயலும். தர மேலாண்மைக்கென 1987இல் முதன்முதலாக வெளியான ஐஎஸ்ஓ 9001 தரநிலை, தன் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் இத்தகைய பதிவுகள் அனைத்தையும் 'ஆவணப்படுத்தப்பட்ட தகவல்' என்னும் ஒரே பெயரில் அடக்குகிறது.