மார்சேய் நகரின் கூடைக்குன்று

பிரான்சு நாட்டின் தென்கரையில் மத்தியதரைக் கடலை நோக்கி அமைந்த மார்சேய், அந்நாட்டு நகரங்களுள் மிகத் தொன்மையானது. கி.மு. 600 அளவில் ஆசியா மைனரின் போக்கையா நகரிலிருந்து கலமேறி வந்த கிரேக்கர் இங்குக் குடியேறி, இதற்கு மசாலியா எனப் பெயரிட்டனர். வந்திறங்கிய தலைவனுக்கு அம்மண்ணின் அரசன் மகள் கிண்ணத்தில் நீர் அளித்து, அவனையே மணாளனாகக் கொண்டாள் என்பது பழங்கதை. அதனை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும், வந்தாரை ஏற்ற ஊர் என்று தன்னைக் கருதிக்கொள்ள விரும்பும் நகரம் அக்கதையை இன்றும் சொல்லி மகிழ்கின்றது. அப்பெருமைக்குச் சான்றாகவும் அதற்கு நேர்மாறான சான்றாகவும் நிற்பது இந்நகரின் கூடைக்குன்று.

பழைய துறைமுகத்தின் வடபுறத்தே எழும் மேட்டுநிலமே நகரின் முதற்குடியிருப்பு. அது உயர்ந்த மலையன்று. மெல்ல நடப்பாரும் சிறுபொழுதில் உச்சியை அடையலாம். இப்பகுதிக்கு வழங்கும் ‘லெ பனியே’ என்னும் பெயருக்குக் கூடை என்பது பொருள். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிருந்த விடுதி ஒன்றின் பெயரே பின்னர் ஊர்ப்பகுதிக்கும் ஆகிவந்தது என்பர். உச்சியில் உள்ள சதுக்கம், ஒருகாலத்தே கடற்காற்றில் சுழன்று மாவரைத்த காற்றாலைகளின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கீழே உள்ள லான்ஷ் சதுக்கம் கிரேக்கர் காலத்து அங்காடி மன்றம் இருந்த இடம் எனக் கருதப்படுவது. அதன் இன்றைய பெயரோ, பதினாறாம் நூற்றாண்டில் பவளத் தொழிலால் பொருளீட்டிய கோர்சிக்கத் தீவுக் குடும்பம் ஒன்றின் பெயர்.

பதினான்காம் லூயி 1666-இல் நகரை விரிவுபடுத்த ஆணையிட்டான். செல்வர் புதிய அகன்ற வீதிகளுக்குப் பெயர்ந்தனர். குன்றில் எஞ்சியோர் மீனவரும் மாலுமிகளும் துறைமுகக் கூலிகளும் ஆவர். அவர்களோடு கோர்சிக்கரும் இத்தாலியரும், பிற்காலத்தே வட ஆப்பிரிக்கரும் கொமொரோஸ் தீவினரும் வந்து கலந்தனர். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கவேண்டிய சந்துகளும், படிக்கட்டாகவே அமைந்த தெருக்களும், சாளரந்தோறும் உலரும் துணிகளும் இன்றைய பயணியின் கண்ணுக்கு அழகு. அங்கே வாழ்ந்தோர்க்கு அது இடநெருக்கடி.

குன்றில் காண்போரை வியக்கவைக்கும் கட்டடம் ‘வியே ஷரித்தே’. பழைய அறச்சாலை என்று அதனைத் தமிழில் சொல்லலாம். 1671-இல் தொடங்கிய பணி 1749-இல்தான் நிறைவுற்றது. வரைந்தவர் சிற்பியும் கட்டடக் கலைஞருமான பியேர் பியுழே, மார்சேயில் பிறந்தவர். நடு முற்றத்தைச் சுற்றி மூன்று அடுக்குகளாக எழும் வளைவுத் தாழ்வாரங்களும், முற்றத்தின் நடுவே நீள்வட்டக் குவிமாடத்தோடு விளங்கும் வழிபாட்டுக் கூடமும், இளஞ்சிவப்பும் வெண்மையும் விரவிய கல்லின் நிறமும் பரோக் கலையின் உயர்ந்த படைப்புகளுள் இதனைச் சேர்த்துள்ளன. ஆனால் அழகெல்லாம் உள்ளே. தெருவை நோக்கி எழுந்தவை மூடிய சுவர்களே. காரணம் வெளிப்படை. நகரத் தெருக்களில் இரந்து திரிந்தோரைப் பிடித்து வந்து அடைத்து வேலை வாங்குவதற்காகவே அரசாணையின்படி இக்கட்டடம் எழுந்தது. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய மணிமேகலையை அறிந்தவர்க்கு, அறக்கோட்டம் என்ற பெயரிலேயே ஒரு சிறைக்கோட்டம் எழுந்தமை நெஞ்சை உறுத்தாமற் போகாது.

ஏழையைக் கண்மறைவில் வைக்கும் அவ்வெண்ணம் அக்கட்டடத்தோடு முடிந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் துறைமுகத்தை ஒட்டிய சரிவுப்பகுதி நோய்க்கும் பரத்தைமைக்கும் உறைவிடம் என்று இகழப்பட்டது. அதனை இடித்துத் திருத்தவேண்டும் என்னும் நகரமைப்புத் திட்டங்கள் போருக்கு முன்னரே வரையப்பட்டிருந்தன. 1942 நவம்பரில் செருமானியப் படை தென் பிரான்சைக் கைப்பற்றியது. அடுத்த சனவரியில் அப்படையினர் மீது குண்டுத் தாக்குதல் நடக்கவே, பழைய குடியிருப்பைத் தரைமட்டமாக்குமாறு இம்லர் ஆணையிட்டான்.

சனவரி 22 முதல் நகரெங்கும் தேடுதல் நடந்தது. பிரெஞ்சுக் காவல்துறைத் தலைமைச் செயலர் ரெனே புஸ்கே உடன்நின்று ஒத்துழைத்தார். வீடுவீடாகச் சென்றவருள் பெரும்பாலோர் பிரெஞ்சுக் காவலரே. 24-ஆம் நாள், ஞாயிறு விடியலில், ஏறத்தாழ 20,000 பேர் கையில் எடுத்ததோடு வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். பல்லாயிரவர் சரக்கு வண்டிகளில் பிரேழுஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நகரில் கைதானவருள் 1,642 பேர் வடக்கே கொம்பியேன் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அவருள் ஏறத்தாழ 800 பேர் யூதர். அவர்களது பயணம் போலந்து நாட்டுச் சோபிபோர் கொலைமுகாமில் முடிந்தது. பெப்ருவரி முதல்நாள் வெடிமருந்து வேலை தொடங்கியது. மூன்று கிழமைக்குள் சுமார் 1,500 கட்டடங்கள், 14 ஹெக்டேர் நிலப்பரப்பு, கற்குவியலாயின. நகர மன்றமும் ஒருசில பழைய மாளிகைகளும் மட்டும் விட்டுவைக்கப்பட்டன.

துறைமுகத்தின் மறுகரையில்தான் ‘காயே து சூத்’ என்னும் இலக்கிய இதழ் அந்நாளில் நடைபெற்றது. ழான் பலார் நடத்திய அவ்விதழ் 1941-இல் இந்தியச் சிந்தனைக்கெனச் சிறப்பிதழே வெளியிட்டது. மார்சேயில் அடைக்கலம் புகுந்திருந்த சிமோன் வேய், பிறப்பால் யூதராதலின் எமில் நோவி என்னும் புனைபெயரில், ஓமரின் இலியட் காப்பியத்தைப் பற்றிய தம் கட்டுரையை 1940 டிசம்பரிலும் 1941 சனவரியிலும் இதில் எழுதினார். வன்மை தன் கையில் அகப்பட்ட மனிதனை உயிரற்ற பொருளாக்கிவிடுகிறது என்பது அக்கட்டுரையின் கருத்து. திராய் நகரைப் பற்றி எழுதப்பட்டது எதிர்க்கரையில் மெய்யானது ஈராண்டுக்குப் பின்.

இடிந்த நிலத்தைத் தோண்டியபோது 1947-இல் உரோமர் காலப் பண்டகசாலையின் பெருந்தாழிகள் வெளிப்பட்டன. அவை இன்று அருங்காட்சியகத்தில் உள்ளன. அழிவினால் கிடைத்த செல்வம் என்று இதனைப் பாராட்டுவாரும் உளர். வீடிழந்தவர் கணக்கில் இது எந்தப் பக்கம் சேரும் என்பதை அவர்கள் சொல்வதில்லை. போருக்குப் பின் பெர்னான் புய்யோன் முதலியோர் அமைத்த கல்மாளிகைகள் துறைமுக ஓரத்தில் வரிசையாக எழுந்தன. கெஸ்ரி தெருவே எல்லை; அதற்குக் கீழே எல்லாம் புதிது, மேலே பழையது. பயணிகள் அத்தெருவைக் கடந்து படியேறுகின்றனர்.

வீடிழந்தோர் சிலர்க்குப் பழைய அறச்சாலையே மீண்டும் புகலிடமாயிற்று. மூன்று நூற்றாண்டுக்கு முன் இரவலரை அடைத்த அறைகளில் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. லெ கொர்புசியே அதன் அருமையை எடுத்துக்காட்டினார். 1951-இல் அது பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. குடியிருந்தோர் அகற்றப்பட்டபின் செப்பனிடும் பணி 1986-இல் முடிந்தது. இப்போது அருங்காட்சியகங்கள் அங்கே உள்ளன. 1990-இல் தோன்றிய பன்னாட்டுக் கவிதை மையமும் அவ்வளாகத்திலேயே இடம்பெற்றது. இரந்தவர் குரலை அடைக்கக் கட்டிய சுவர்களுக்குள் கவிஞர் வந்து படிக்கின்றனர்.

2004 முதல் 2022 வரை பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வந்த நெடுந்தொடர் ஒன்றின் கற்பனைக் குடியிருப்பு இக்குன்றைப் பார்த்தே அமைக்கப்பட்டது. அதனைத் தேடி வந்தோர் பலர். மார்சேய் 2013-இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக விளங்கியது. அவ்வாண்டிலேயே சரிவில் இருந்த பழைய ஏழையர் மருத்துவமனை ஐந்து விண்மீன் விடுதியாகத் திறக்கப்பட்டது.

1943-இல் நிகழ்ந்தவை மானுடத்துக்கு எதிரான குற்றமா என்று ஆராயப் பாரிசு அரசு வழக்கறிஞர் அலுவலகம் 2019-இல் விசாரணை தொடங்கியது. அப்போது எழுபத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. பெற்றோர் கைபிடித்துப் படியிறங்கிய சிறுவர் சிலரே, முதியோராக, அதனைக் காண எஞ்சியிருந்தனர்.