பார்வை நூல்களில் மகளிர் பெயர்: தலைச்சொல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

தமிழக மகளிரின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதற்கண் கூறும் குறை சான்றின்மை என்பதேயாகும். அரசர், அமைச்சர், புலவர் என்போரைப் பற்றிக் கிடைக்கும் அளவுக்கு மகளிரைப் பற்றிய செய்திகள் கிடைத்தில என்பர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், கிடைத்த சான்றுகளேனும் நம் பார்வை நூல்களில் முறையாக இடம்பெற்றுள்ளனவா என்னும் வினா ஒன்று எஞ்சி நிற்கின்றது. அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சைமன் காசிச்செட்டி 1859-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தமிழ் புளூடார்க்', ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்து 1910-இல் வெளிவந்த 'அபிதான சிந்தாமணி', தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதலாகப் பத்துத் தொகுதிகளில் வெளியிட்ட 'கலைக்களஞ்சியம்' ஆகியவை தமிழறிஞர் நன்கறிந்தவை. இவற்றைத் தொகுத்தோரின் உழைப்பு பெரிது. அதனைக் குறைத்துக் கூறுதல் ஈண்டுக் கருத்தன்று. இத்தகைய நூல்கள் யாவும் தலைச்சொல்லை அடிப்படையாகக் கொண்டு அமைவன. தலைச்சொல்லாக ஒரு பெயர் நின்றால் அதன்கீழ் வரலாறு அமையும். நில்லாதாயின் அவ்வரலாறு பிறர் வரலாற்றுள் ஒடுங்கும், அன்றி முற்றும் மறையும். மகளிர் பெயர்கள் நம் சான்றுகளில் வழங்கும் முறை இவ்வமைப்புக்கு எளிதில் இயைவதன்று. அவர்கள் மறைந்தமைக்குச் சான்றின்மையைக் காட்டிலும் இவ்வியைபின்மையே பெருங்காரணம் என்பது கீழ்வரும் நான்கு நிலைகளால் விளங்கும்.

1. ஒரு பெயருள் பலர்

ஔவையார் என்னும் பெயர் இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. சங்கத் தொகைகளில் இப்பெயரால் 59 பாடல்கள் உள்ளன: புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. இவற்றைப் பாடியவர் அதியமான் நெடுமான் அஞ்சியின் அவைக்களத்திருந்தவர். அவன்பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றவர். அவன் இறந்தகாலை இரங்கிப் பாடியவர். ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலியவற்றை இயற்றிய ஔவையார் இவர்க்குப் பன்னூறு ஆண்டு பிற்பட்டவர் என்பது மொழிநடையாலும் பொருளாலும் தெளிவு. இவரேயன்றி வேறும் சிலர் இப்பெயர் பூண்டிருந்தனர் என்பர் ஆராய்ச்சியாளர்.

இவர்கள் அனைவரையும் ஒருவராகக் கொண்டு, ஆதி பகவன் கதையோடும் பிணைத்து, நெடுங்காலம் வாழ்ந்த மூதாட்டியாக வரைந்த வழக்கினால் நேர்ந்த இழப்பு இருவகைத்து. பல காலத்தில் வாழ்ந்த புலவர் பலர் ஒருவராயினர் என்பது ஒன்று. அவ்வொருவரும் வரலாற்று மாந்தர் என்னும் நிலையின் நீங்கிக் கதைமாந்தர் ஆயினர் என்பது மற்றொன்று. ஆடவர் பெயரிலும் இம்மயக்கம் உண்டு. கபிலர், நக்கீரர் என்னும் பெயர்களை நோக்குக. ஆயின் அவர்களைக் காலம் வரையறுத்துப் பிரித்தறிதற்கு எடுத்துக்கொண்ட முயற்சி ஔவையார் திறத்தில் மிகவும் காலந்தாழ்ந்தே தொடங்கிற்று.

இம்மயக்கத்தால் மறைந்த வேறொரு செய்தியும் உண்டு. அகநானூற்று 147-ஆம் பாடலில் சங்க ஔவையார், காதலனைத் தேடிச் செல்லக் கருதும் தலைவியின் கூற்றில், வெள்ளிவீதியை உவமையாகப் பெயர் சுட்டுகின்றார். அவ்வெள்ளிவீதியாரோ தாம் பாடிய அகநானூற்று 45-ஆம் பாடலில் ஆதிமந்தியை அவ்வாறே சுட்டுகின்றார். ஆதிமந்தியார் பாடியது குறுந்தொகை 31-ஆம் பாடல். ஆகவே ஆதிமந்தி, வெள்ளிவீதி, ஔவை என மூவர், ஒருவரை ஒருவர் நினைவுகூரும் ஒரு தொடர்ச்சி தொகை நூல்களுள்ளேயே கிடக்கின்றது. ஒரு பெண்பாற் புலவரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பைத் தந்தவர் பிறிதொரு பெண்பாற் புலவரே என்பது இலக்கிய வரலாற்றிற் சிறியதொரு செய்தியன்று. மூவரும் மூன்று எழுத்தின்கீழ்த் தனித்தனியே நிற்கும் அகரநிரலில் இத்தொடர்பைக் காட்டும் மாட்டேறு இல்லையாயின், அதனைக் கற்போர் அறிதற்கு வழியில்லை.

2. உறவால் வழங்கும் பெயர்

பாடினோர் குறிப்பில் சில மகளிர் இயற்பெயரின்றி உறவுமுறையாலோ பட்டத்தாலோ மட்டும் குறிக்கப்படுகின்றனர். புறநானூற்று 246-ஆம் பாடலைப் பாடியவர் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு. கைம்மை நோன்பின் இன்னாமையினும் ஈமத்தீயே தமக்கு இனிது எனத் தம்மைத் தடுத்த சான்றோர்க்கு விடை கூறும் அப்பாடல் தொகையுள் தனிச்சிறப்புடையது. ஆயினும் அவர் வரலாற்றைக் காண விழைவார் பூதப்பாண்டியன் என்னும் தலைச்சொல்லை நாடிச் செல்லுதலே இயல்பாக உள்ளது. 112-ஆம் பாடலைப் பாடிய பாரி மகளிர் நிலையும் அதுவே. தந்தை பெயரின்கீழ் அவர்கள் அடங்குகின்றனர்.

பாரி மகளிர்க்கு அங்கவை, சங்கவை எனப் பெயர் வழங்குவது பிற்கால வழக்கு. புறநானூற்றுப் பாடலிலோ அதன் பழங்குறிப்பிலோ அப்பெயர்கள் இல்லை. பெயரில்லாக் குறையைப் பிற்காலக் கதையால் நிரப்பி, அதனையே சான்றுபோல் எழுதுதலும் ஒருவகை மறைப்பேயாகும். இயற்பெயர் அறியப்படாதவிடத்து, 'பாரி மகளிர்' என்பதனையே தலைச்சொல்லாக நிறுத்திப் பிற்காலப் பெயர்களை அவ்வழக்கின் பெயராலேயே குறிப்பது நெறி.

இயற்பெயர் உள்ளவிடத்தும் ஒரு தடை உண்டு. உயர்வுப் பன்மையாகிய 'ஆர்' விகுதி இருபாற்கும் பொது. ஆகலின் பெயர் மட்டும் கொண்டு புலவர் ஆடவரோ பெண்டிரோ எனத் துணிதல் பல இடத்தும் அரிது. சங்கப் பெண்பாற் புலவரின் தொகையில் அறிஞரிடையே ஒற்றுமை இன்மைக்கு இதுவே முதற்காரணம். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடி, ஆடுகோட்பாட்டுச் சேரலாதனிடம் ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் பெற்றவர் எனப் பதிகம் கூறும். காக்கைபாடினியார் என்னும் பெயரால் யாப்பிலக்கணம் செய்தாரும் ஒருவர் உளர். இருவரையும் ஒருவராக்கலும், சான்றின்றி இலக்கணியாரை ஆடவர் எனக் கொள்ளலும் ஒப்பத் தவிர்க்கத்தக்கன.

3. கல்வெட்டில் நிற்கும் பெயர்

புலவரை விடுத்துக் கல்வெட்டுக்களை நோக்கின் நிலை இன்னும் வியப்பைத் தரும். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசனின் 29-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் இரண்டாம் தொகுதியில் 66-ஆம் எண்ணாக அச்சிடப்பெற்றுள்ளது. காலம் கி.பி. 1014-ஐ ஒட்டியது. சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து வருவித்துத் தஞ்சையில் குடியேற்றப்பெற்ற தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களை அக்கல்வெட்டு ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றது. ஒவ்வொருவர்க்கும் தெரு, சிறகு, வீட்டின் வரிசை, முன்னர்ப் பணிசெய்த கோயில், பெயர் என்பன முறையே வருகின்றன. பங்கு ஒன்றுக்கு நூறு கலம் நெல் விளையும் ஒரு வேலி நிலம் என்பதும் வரையறுக்கப்பட்டுள்ளது. தெற்குத் தளிச்சேரித் தென்சிறகில் தலைவீட்டில் இருந்தவர், திருவையாற்று ஒலோகமாதேவி ஈச்சரத்திலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. அடுத்து இரணமுகராமி, உதாரி, பட்டாலி, எடுத்தபாதம் எனப் பட்டியல் நீள்கின்றது.

பத்தாம், பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த மகளிர் நானூற்றுவரின் பெயரும் ஊரும் உறையுளும் ஊதியமும் ஒருங்கே கிடைப்பது அரிதினும் அரிது. இங்குச் சான்றின்மை என்னும் குறைக்கு இடமே இல்லை. கோயிற் பெண்டிர் பற்றிய கல்வெட்டுக்களை விரிவாக ஆராய்ந்து லெசுலி ஓர் 2000-இல் வெளியிட்ட நூல், அப்பெண்டிர் கணவர் பெயராலன்றி ஊரோடும் கோயிலோடும் சார்த்தியே பெரிதும் குறிக்கப்படுகின்றனர் என்பதையும், அவருள் பலர் கொடையாளராகக் காணப்படுகின்றனர் என்பதையும் காட்டிற்று. எனினும் பொதுப் பார்வை நூல்களை நோக்குவார், இராசராசன் வரலாற்றில் 'நானூறு ஆடன்மகளிரைக் குடியேற்றினான்' என்னும் ஒரு வரியையே காண்பர். எண் நின்றது, பெயர் மறைந்தது. குடியேற்றிய அரசன் கல்லிற் பொறிக்கத் தக்கன என்று கருதிய பெயர்களை ஏட்டில் எழுதுவோர் எண்ணாகச் சுருக்கினர்.

பெயர் மட்டும் தெரிந்த நானூற்றுவர்க்குத் தனித்தனிப் பதிவு வேண்டுமோ எனின், வேண்டா. 'தஞ்சைத் தளிச்சேரிப் பெண்டுகள்' என ஒரு தொகுதிப் பதிவும், அதன்கண் பெயர், பழைய கோயில், வீடு என்பவற்றைக் காட்டும் நிரலும் அமையின் போதும். அந்நிரல் கிடைப்பின், அதே பெயருடையார் பிற கல்வெட்டில் வருவாராயின் ஒப்பிட்டு ஆராய வழி பிறக்கும்.

4. பாயிரம் நீக்கிய பதிப்பு

தலைச்சொல்லாக இடம்பெற்ற பின்னரும் ஒருவர் வரலாறு குறைபடலாம் என்பதற்கு அதே தஞ்சையிலேயே பிற்காலத்து எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மராட்டிய மன்னன் பிரதாபசிங்கன் (1739-1763) அவையில் விளங்கிய முத்துப்பழனி தெலுங்கில் 'இராதிகா சாந்துவனம்' என்னும் காவியம் இயற்றியவர். ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் ஆக்கியவர் என்னும் முறையில் தமிழர்க்கும் உரியவர். நூற்பாயிரத்தில் இவர் தம் பாட்டி முதலாக வந்த பெண்வழிப் புலமை மரபை எடுத்துரைத்துள்ளார்.

1887-இல் அச்சேறிய பதிப்பு அப்பாயிரத்தையும் சில பாடல்களையும் நீக்கியே வெளிவந்தது. கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு தெலுங்குப் புலவர் வரலாறாகத் தொகுத்த 'ஆந்திர கவுல சரித்திரமு' இவரைக் குறிக்காமல் விடவில்லை. இவர்தம் புலமையை ஒப்புக்கொண்டது. ஆயினும் இவர் பிறந்த குலத்தையும், பெண்ணொருத்தி சிருங்காரம் பாடியதையும் கடிந்தே எழுதிற்று. அதே சுவையைப் பாடிய ஆடவர்பால் அக்கடுமை இல்லை என்பதைப் பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878-1952) எடுத்துக்காட்டினார். திருவையாற்றில் தியாகராசர் சமாதிக் கோயிலை எழுப்பிய அவ்வம்மையாரே சுவடியைத் தேடிப் பெற்று, பாயிரத்தோடு கூடிய முழு நூலை 1910-இல் வெளியிட்டார். அப்பதிப்பு அரசினரால் ஆபாசம் எனத் தடைசெய்யப்பட்டது. நாடு விடுதலை எய்திய காலத்தை ஒட்டியே தடை நீங்கிற்று.

பாயிரம் நீங்கிய நூலைக் கண்டவர்க்கு முத்துப்பழனி முன்னோரில்லாத் தனியொருத்தியாகத் தோன்றினார். மரபு மறைந்த இடத்தில் ஒழுக்கம் பற்றிய பேச்சே எஞ்சிற்று. முன்னர்க் கண்ட ஆதிமந்தி, வெள்ளிவீதி, ஔவை என்னும் தொடர்ச்சியையும் இதனோடு வைத்து நோக்குக. ஆங்கு மாட்டேறு இன்மையால் அற்றது, ஈங்குப் பதிப்பாசிரியர் கைப்பட்டு அற்றது. இரண்டிடத்தும் அற்றுப்போனது மகளிர் மகளிரைப் பற்றி விட்டுச்சென்ற சான்றேயாகும். அதனை மீட்டவரும் பிறிதொரு பெண்மணியே.

5. செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றால், இனித் தொகுக்கப்படும் பார்வை நூல்களுக்கு ஐந்து நெறிகள் பெறப்படும். ஒரு பெயருடையார் பலராயின் காலமும் நூலும் காட்டி எண்ணிட்டுப் பிரித்தல் வேண்டும். உறவுப்பெயரால் மட்டும் அறியப்படுவோர்க்கும் தனித் தலைச்சொல் அளித்து, கணவர் அல்லது தந்தை பதிவினின்று மாட்டேறு தருதல் வேண்டும். பிற்கால வழக்கால் வந்த பெயரையும் கதையையும் பழஞ்சான்றினின்று வேறுபடுத்திக் காட்டல் வேண்டும். கல்வெட்டில் திரளாக வரும் பெயர்களை எண்ணாகச் சுருக்காது நிரலாகத் தருதல் வேண்டும். ஒருவரைச் சுட்டிய பிற மகளிர், அவர் சுட்டிய முன்னோர், நூல் அச்சேறிய வரலாறு, பதிப்பில் விடுபட்ட பகுதி ஆகியவற்றைப் பதிவின் உறுப்பாகவே கொள்ளல் வேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய அகழ்வாராய்ச்சி வேண்டுவதில்லை. தொகை நூல்கள் அச்சில் உள்ளன. கல்வெட்டுத் தொகுதிகள் நூலகங்களில் உள்ளன. தளிச்சேரிக் கல்வெட்டின் நானூறு பெயர்களுக்கும் பிழையற்ற அகரநிரல் ஒன்று செய்தல், முதுகலை மாணவர் ஒருவர் ஓராண்டில் முடிக்கத்தக்க பணி. அதனைச் செய்து முடிப்பவர் எழுதும் முதற்பெயருக்கு உரியவர், தென்சிறகின் தலைவீட்டிலோ வேறெவ்வீட்டிலோ இருந்த ஒருத்தி. ஆயிரம் ஆண்டுக்குப் பின் தமிழ்ப் பார்வை நூலில் அவர்க்கு ஓரிடம் கிடைத்ததாகும்.