வேடம் பூண்டவர்களின் உலகங்கள்

கணினி விளையாட்டு என்பது பிள்ளைகளின் காரியம், படிப்பையும் கண்ணையும் கெடுப்பது என்ற அபிப்பிராயம் பெற்றோர் மத்தியில் நீண்டகாலமாகவே உண்டு. பத்திரிகைகளில் அதுபற்றி வெளிவரும் செய்திகளும் பெரும்பாலும் எச்சரிக்கைகளாகவே இருந்துவந்திருக்கின்றன. அவற்றில் உண்மை இல்லாமலில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2019ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில், விளையாட்டுக்கு அடிமையாதலும் ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டது. ஆனால், ஒரு கேள்விக்கு இந்த எச்சரிக்கைகள் பதில் சொல்வதில்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் கூடி, ஆளுக்கொரு வேடம் பூண்டு ஆடும் இணைய விளையாட்டுகளில், வளர்ந்த மனிதர்கள் தங்கள் மாலைப்பொழுதுகளை ஆண்டுக்கணக்கில் கழிப்பது எதனால்? அந்த இன்பம் எங்கிருந்து வருகிறது? இவ்விளையாட்டுகளின் வரலாற்றைப் புரட்டினால் பதில் ஓரளவு தெளிவாகவே கிடைக்கிறது.

தொடக்கம் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. 1978ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் றோய் ட்ரப்ஷா என்ற மாணவர், பலர் ஒரே நேரத்தில் நுழைந்து நடமாடக்கூடிய கற்பனை நாடொன்றைப் பல்கலைக்கழகத்தின் பெரிய கணினியில் எழுதத் தொடங்கினார். பின்னர் அதைப் பொறுப்பேற்று வளர்த்தெடுத்தவர் அவருடைய சகமாணவர் றிச்சட் பார்ட்டில். ‘மட்’ என்பது அதன் பெயர். அதில் ஒரு படமேனும் கிடையாது. நிற்கும் இடத்தைத் திரை எழுத்தில் வருணிக்கும்; வடக்கே போ என்று தட்டினால் அடுத்த இடத்தின் வருணனை வரும். புதையல்களைத் தேடிச் சதுப்பு நிலத்தில் இட்டால் புள்ளிகள் சேரும். போதிய புள்ளிகள் சேர்த்தவர் மந்திரவாதியாக உயர்வார். பகலில் கணினி கல்விப் பணிகளுக்குத் தேவைப்பட்டதால் வெளியார் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின்னரே அனுமதிக்கப்பட்டனர். அவர்களும் தொலைபேசிக் கட்டணம் ஏறுவதைப் பொருட்படுத்தாது விடியும்வரை விழித்திருந்து ஆடினார்கள்.

வெறும் எழுத்துக்கு இத்தனை ஈர்ப்பா என்று கேட்கலாம். பிறப்பும் பேச்சுவழக்கும் ஒருவரின் இடத்தைத் தீர்மானித்த பிரித்தானிய சமுதாயத்தில், தன் முயற்சியால் மட்டுமே ஒருவர் உயரக்கூடிய உலகமொன்றைப் படைக்க விரும்பியதாகப் பார்ட்டில் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அங்கே எவரும் உங்கள் தந்தையின் தொழிலைக் கேட்பதில்லை. நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதே உங்கள் முகவரி.

1989ஆம் ஆண்டின் இறுதியில், அவ்விளையாட்டின் இரண்டாம் வடிவத்தை ஆடிய மூத்த ஆட்டக்காரர்களிடையே ஒரு விவாதம் மூண்டது. மனிதர் இதில் எதைத் தேடி வருகிறார்கள் என்பதே விடயம். மாதக்கணக்கில் நீடித்த அவ்விவாதத்தைப் பார்ட்டில் தொகுத்து ஆராய்ந்து, 1996இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். ஆட்டக்காரர் நால்வகைப்படுவர் என்றார் அவர். வெற்றிகளைக் குவிப்போர், மூலைமுடுக்கெல்லாம் ஆராய்வோர், பிறருடன் பழகி மகிழ்வோர், பிறரைத் தாக்கி மகிழ்வோர். இந்த நால்வகையினரும் ஒருவரையொருவர் சார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் கட்டுரையின் சாரம். தாக்குவோர் பெருகினால் பழகுவோர் வெளியேறுவர்; வெற்றி தேடுவோர் குறைந்தால் தாக்குவோருக்கு இரை குறையும். ஒரு கிராமத்தின் வாழ்வு எப்படிச் சமன்படுகிறதோ அப்படியே இதுவும்.

அந்தச் சமநிலை எவ்வளவு கடினமானது என்பதைப் பெருமளவில் காட்டியது, அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்திலிருந்து 1997 செப்டெம்பரில் வெளிவந்த ‘அல்டிமா ஒன்லைன்’. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் றிச்சட் கரியட். முயல் புல்லைத் தின்ன, ஓநாய் முயலைத் தின்ன, இயற்கை தானாக இயங்கும் ஓர் உலகத்தை அக்குழுவினர் திட்டமிட்டனர். பரீட்சார்த்த காலத்தில் நுழைந்த மக்களோ, விலங்குகள் பிறக்கும் வேகத்தைவிட விரைவாக அவற்றைக் கொன்று தீர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில், கரியட் அரசராக வேடம் பூண்டு பிரசைகள்முன் தோன்றியபோது ஒருவர் எறிந்த மந்திரத் தீயில் மாண்டுபோனார். அரசருக்குச் சாவில்லாதபடி செய்யும் ஏற்பாட்டை மீண்டும் இயக்க மறந்திருந்தார்கள். படைத்தவனையே படைப்புக்குள் கொல்லலாம் என்பது அன்று தெரியவந்தது.

அதே உலகில் போரே வேண்டாமென்று தையற்காரராகவும் கொல்லராகவும் காலம் கழித்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் ஊரெல்லையைத் தாண்டினால் கொள்ளையர் காத்திருந்தனர். முறைப்பாடுகள் குவிந்தன. 2000ஆம் ஆண்டில் நிறுவனம் அவ்வுலகை இரண்டாகப் பிரித்தது. ஒன்றில் விருப்பமின்றி எவரையும் தாக்க முடியாது. மற்றையதில் பழைய ஆபத்துகள் அப்படியே. பெரும்பாலோர் பாதுகாப்பான பாதியையே நாடினர். ஆயினும் பழைய ஆட்டக்காரரில் பலர் இன்றும் அந்தப் பிரிவினையைத் துயரத்துடனேயே நினைவுகூர்கின்றனர். அவர்களின் ஏக்கத்தை எளிதில் புறந்தள்ளிவிட முடியாது. கள்வர் இருக்கும் பாதையில்தான் நம்பத்தக்க வழித்துணையின் அருமை தெரியும்.

1999 மார்ச்சில் வெளிவந்த ‘எவர்குவெஸ்ட்’ அந்தத் துணையை வேறு வழியில் கட்டாயமாக்கியது. பலம்வாய்ந்த எதிரிகளைத் தனியாளாக எதிர்கொள்வது அநேகமாக இயலாத காரியம். மாண்டவர் தன் உடைமைகளைச் சடலத்திலேயே விட்டுவிட்டு வேறோர் இடத்தில் வெறுங்கையுடன் எழுவார். சடலத்தை மீட்க நண்பர் வேண்டும். சில வேளைகளில் முன்பின் அறியாதவரின் இரக்கமும் வேண்டும். விற்பனைக்கென்று சந்தை எதையும் வடிவமைப்பாளர்கள் அமைத்திருக்கவில்லை. ஆட்டக்காரரே ஒரு சுரங்கப்பாதையில் கூடிக் கூவி விற்றுப் பேரம் பேசி அதைச் சந்தையாக்கினர். அங்கு கிடைத்த பொருட்கள் நிஜ உலக ஏலத்தளங்களிலும் விலைபோயின. அந்த விலைகளை வைத்துக் கணக்கிட்ட பொருளியலாளர் எட்வர்ட் கஸ்ட்ரனோவா, அக்கற்பனை நாட்டின் தலாவருமானம் ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்டது என்று 2001இல் எழுதினார்.

2004 நவம்பரில் வந்த ‘வோர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ இந்தக் கடுமைகளைப் பெரிதும் தளர்த்தியது. 2010இல் அதன் சந்தாதாரர் தொகை 1 கோடியே 20 இலட்சத்தை எட்டியது. 2005 செப்டெம்பரில், ஓர் அசுரனுடனான போரில் மட்டும் தொற்றவேண்டிய மாயநோய், நிரல் வழுவொன்றினால் நகரங்களுக்குள் பரவியது. சிலர் குணப்படுத்த ஓடிவந்தனர், சிலர் தப்பியோடினர், சிலர் வேண்டுமென்றே நோயைப் பரப்பினர். தொற்றுநோயியலாளர்கள் பின்னர் அதை ஆராய்ந்து மருத்துவ சஞ்சிகைகளில் எழுதினார்கள். ஆட்டமே என்றாலும், ஆடியவர்கள் மனிதர்களாகவே நடந்துகொண்டார்கள்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். கூத்தில் வேடம் கட்டியவர் ஒருபுறம், பார்வையாளர் மறுபுறம். இவ்விளையாட்டுகளிலோ வந்திருப்போர் அனைவரும் வேடம் கட்டியவர்களே. காட்சியை ஒருவருக்கொருவர் அளித்துக்கொள்கிறார்கள். ஆகவே, ஆட்கள் கலைந்துவிட்டால் எஞ்சுவது வெறும் மேடைதான். ‘சிற்றி ஒஃப் ஹீரோஸ்’ என்ற விளையாட்டு மூடப்படப்போவதாக 2012இல் அறிவிக்கப்பட்டபோது, அதன் மக்கள் அவ்வுலகத்தின் பொதுச்சதுக்கத்திலேயே தீப்பந்தங்களுடன் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். நவம்பர் இறுதியில் அது மூடப்பட்டது. பின்னாளில் ஆர்வலர்களே அதை மீண்டும் இயக்கினர். உரிமை நிறுவனமும் 2024இல் அவர்களில் ஒரு குழுவினருக்கு முறையான அனுமதியை வழங்கியது.

நோர்வேயைச் சேர்ந்த மட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞரின் கதை 2024இல் வெளிவந்த ஆவணப்படமொன்றின் மூலம் பரவலாக அறியப்பட்டது. தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் பரம்பரை நோய்க்கு ஆளான அவர், சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்து 2014இல் தமது 25ஆவது வயதில் மறைந்தார். மகன் நண்பர்களின்றித் தனிமையில் வாழ்ந்து முடித்துவிட்டான் என்றே பெற்றோர் வருந்தியிருந்தனர். மரணச் செய்தியை அவருடைய வலைப்பதிவில் தந்தை அறிவித்ததும், ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. ‘வோர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’டில் இபெலின் என்ற பெயரில் நடமாடிய அவர், எத்தனையோ பேரின் துயரங்களுக்குச் செவிகொடுத்திருந்தார் என்பதைப் பெற்றோர் அப்போதுதான் அறிந்தனர். அந்நண்பர்களிற் சிலர் இறுதிச் சடங்குக்கும் வந்திருந்தனர்.

விளையாட்டில் மூழ்கியிருக்கும் பிள்ளையை அழைத்து, எத்தனை மணித்தியாலம் ஆடினாய் என்று கேட்பது பெற்றோரின் வழக்கம். அது கேட்கப்படவேண்டிய கேள்விதான். அத்துடன், யாருடன் ஆடினாய், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்றும் கேட்டுப்பார்க்கலாம். எசெக்ஸில் படமேயில்லாத திரைக்கு முன்னால் விடியும்வரை விழித்திருந்தவர்களைக் கட்டிவைத்தது எதுவோ, அதுபற்றிய கதைகளை அந்தப் பிள்ளையும் சொல்லக்கூடும்.