பணக் கணக்கு (சமன்பாட்டு முறை)

பணக் கணக்கு என்பது விலை, கூலி, கடன் பற்றிய அன்றாடக் கேள்வியில் தெரியாத தொகையை ஓர் எழுத்தால் குறித்து, சமன்பாடு அமைத்துத் தீர்க்கும் முறை. ஒருபடிச் சமன்பாட்டு வகையைச் சேர்ந்தது. 9-ஆம் நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மியின் இயற்கணித நூலே பாகப்பிரிவினைக் கணக்குகளை விரிவாக ஆராய்ந்தது. தமிழில் காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’ வாழ்க்கைக் கணக்குகளைச் செய்யுளில் தருகிறது.

மலேசியாவின் பேராக் மாநில ரப்பர் தோட்டங்களில் பணக் கணக்கின் இயல்பான வடிவம் கூலிக் கணக்கு. நாட்கூலி 40 வெள்ளி (ரிங்கிட்), கூடுதல் பாலுக்குக் கிலோவுக்கு 50 காசு, கைக்கு வந்தது 52 வெள்ளி எனில், 40 + 0.50ம = 52; கூடுதல் பால் (ம) 24 கிலோ.

ஈப்போ நகரக் கடைக் கணக்கு சற்றுச் சிக்கலானது. 2 வெள்ளைக் காப்பி, 3 ரொட்டி சானாய் சேர்ந்து 11.50 வெள்ளி, காப்பி ரொட்டியைவிட 2 வெள்ளி அதிகம். ரொட்டி ர எனில், 2(ர + 2) + 3ர = 11.50, ரொட்டி 1.50, காப்பி 3.50. இரண்டு காப்பி இருப்பதை மறந்து 2 வெள்ளியை ஒருமுறை மட்டும் கழிப்பதே வழக்கமான பிழை. அப்போது ரொட்டி 1.90 என வரும்.

தமிழ்ப்பள்ளி மாணவர் ஆறாம் ஆண்டுவரை கணிதத்தைத் தமிழில் பயின்றாலும், சமன்பாட்டை முறையாகச் சந்திப்பது தமிழ் பயிற்றுமொழியாக இல்லாத இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்தில்தான். சமன்பாடு சரியாக இருந்தாலும், கடையில் செலுத்தும் தொகை ஓரிரு காசு மாறலாம்: 2008 ஏப்ரல் 1 முதல் மலேசியாவில் ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகை அருகிலுள்ள 5 காசுக்கு முழுமையாக்கப்படுகிறது.